இரண்டாம் பாகத்திலிருந்து சத்தம் வரவில்லை

டீக்கடைக் கல்லாவின் மேல் நிற்குமே, அதுபோல் பணம் போடுகிற ஸ்கேனர் அட்டை ஒன்றைப் பாக்கியசீலன் கொண்டுவந்து பியானோவின் மேல் நிறுத்தியபோதே டெபோரா எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அவர் அதை நிமிர்த்தி வைத்தார்.

"அண்ணாச்சி, நான் வாசிக்கப்போறது சொனாட்டா. பரோட்டா இல்ல."

"குடுக்கணும்னு நெனைக்கவனுக்குக் கண்ணுக்கு நேரா இருக்கணும்லாம்மா. பொறவு தேடச் சொன்னா மனசு மாறிரும்."

"கண்ணுக்கு நேரா என் கை இருக்கணும்."

"கையும் இருக்கும், அட்டையும் இருக்கும்," என்றார் அவர் பெருந்தன்மையாக.

பாக்கியசீலன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் 'பொருநை மேனாட்டிசை மன்றம்' என்று ஒன்று உண்டு. அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. கொரோனாக் காலத்தில் ஊர் அடைபட்டுக் கிடந்தபோது இணையத்தில் கச்சேரி நடத்தப் பழகினார். ஊர் திறந்த பிறகும் விடவில்லை. நாற்காலி வாடகை இல்லை, டீ, வடை இல்லை, மழைக்குப் பயப்பட வேண்டாம். கட்டணமும் கிடையாது, கேட்கிறவர் விரும்பியதைத் தரலாம். வருவதில் பாதி வாசித்தவருக்கு, பாதி மன்றத்துக்கு. கனடாவிலும் மஸ்கட்டிலும் இருக்கிற பாளையங்கோட்டைக்காரர்கள் பணம் போட்டதும் அவர்கள் பெயர் திரையின் அடியில் ஓடும். அப்படி ஓடுவதைப் பார்க்கத்தான் அவர்கள் போடுகிறார்கள் என்பது டெபோராவின் முடிவான அபிப்பிராயம்.

டெபோராவுக்கு எல்லாரைப் பற்றியும் முடிவான அபிப்பிராயம் உண்டு. வயது நாற்பத்து மூன்று. ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் சங்கீத டீச்சராக இருந்தாள். ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடப் பிள்ளைகளைத் தயார் செய்யச் சொன்ன அன்றைக்கு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது சமாதானபுரத்தில் தனி வீட்டில் இருந்து பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். ஆறே மாதத்தில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வருகிற பிள்ளைகளை இகழ்வாள். அதைச் சுவரில் மாட்ட ஆணியோடு காத்திருக்கிற தகப்பன்மாரை இன்னும் அதிகமாக இகழ்வாள். ஆலயத்தில் கீபோர்டின் பொத்தானை அமுக்கித் தாளத்தை ஓடவிட்டுக் கைகட்டி நிற்கிறவர்களைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் கேட்கிறவருக்குப் பஸ் போய்விடும்.

அவள் இகழாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவரும் இப்போது ஊரில் இல்லை. பேராசிரியர் அப்பாத்துரை கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். மேனாட்டுச் சங்கீதத்தில் அவர் சொன்னதற்கு அந்தக் காலத்தில் மறுபேச்சுக் கிடையாது. டெபோரா பத்தொன்பது வயதில் கல்லூரி மண்டபத்தில் வாசித்தாள். எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு அவர் மேடைப்படி வரைக்கும் வந்தார். "விரல் இருக்கு. பொறுமை இல்ல. மெதுவா ஒண்ணு வாசிச்சுக் காட்டு, அப்பம் ஒத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் வாசிக்கச் சந்தர்ப்பம் வரவில்லை. அவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். இருபத்து நாலு வருஷமாக அந்த ஒரு வாக்கியம் அவளுடைய பியானோ ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"அப்பாத்துரை சார் கேக்குதேன்னு சொல்லிட்டாவ" என்று பாக்கியசீலன் சொன்னதால்தான் அவள் இந்தக் கச்சேரிக்குச் சம்மதித்தாள். நாலு பாகம் கொண்ட நீளமான சொனாட்டா ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதன் இரண்டாம் பாகம் மிகவும் மெதுவானது. இடது கை ஒவ்வொரு முறையும் வலது கையைத் தாண்டிப் போய் மேல்கட்டை ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், வாசலில் படுத்திருக்கிறவரை எழுப்பாமல் கடந்து போவது மாதிரி. அந்தப் பத்து நிமிஷத்துக்காக நாலு மாதம் சாதகம் செய்தாள்.

கச்சேரி ஆகஸ்டு மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு. முருகன்குறிச்சியில் மன்றத்துக்கென்று இருக்கிற ஒற்றை அறையில் சன்னல்களை அடைத்து, மைக்கில் இரைகிறது என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். எபி காமிராக்களை நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அக்கா, மெதுவா போற எடத்துல பூ விழுத மாதிரி போடட்டுமா?"

"போடு. அப்படியே தாலி கட்டுற எடத்துல எனக்குச் சொல்லு, எந்திரிச்சுப் போயிருதேன்."

அவன் சிரித்துவிட்டுப் பூவை விட்டுவிட்டான். கட்டைகளுக்கு மேலே ஒரு காமிரா, பக்கவாட்டில் ஒன்று. ஒலியை அனுப்புகிற மிக்ஸர் பெட்டி பாக்கியசீலனின் மேசையில் இருந்தது. பேசி முடித்ததும் தன் மைக்கை அடைக்க எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று எபி அவருக்கு இரண்டு தடவை காட்டிக்கொடுத்தான். பணம் போடுகிறவர்களின் பெயர் ஓடுகிற டிவியை அவர் டெபோராவின் கண் படுகிற இடத்தில் வைத்திருந்தார். அவளுக்கு அது ஊக்கம் தரும் என்று உண்மையாகவே நம்பினார்.

பட்டு ஜிப்பாவில் நின்றுகொண்டு பதினோரு நிமிஷம் வரவேற்புரை வழங்கினார். சொனாட்டா எழுதிய வியன்னாக்காரரின் பெயரை மூன்று விதமாக உச்சரித்தார். மூன்றும் தப்பு.

டெபோரா முதல் பாகத்தை ஆரம்பித்தாள். பாடுவது போன்ற மெல்லிய ராகம் கொஞ்ச தூரம் போனதும், அடியிலிருந்து கனமான உறுமல் ஒன்று எழுந்து அடங்கும். அந்த உறுமல் நன்றாகவே விழுந்தது. ஆனால் ஓரக்கண்ணில் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 'சாலோமி குடும்பத்தார், டொரண்டோ.' 'எஸ்றா அன் சன்ஸ், தங்கள் மூன்றாவது பேரனின் ஞானஸ்நானத்தை முன்னிட்டு.' சங்கீதத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் யோசித்துவிட்டாள். விரல் தன் பாட்டுக்கு வேகமெடுத்தது. முடித்தபோது அவளுக்கே வாய் கசந்தது.

பரவாயில்லை, இனிமேல்தான் இருக்கிறது என்று கைகளை மடியில் வைத்து மூச்சை அடக்கினாள். அப்போது பாக்கியசீலன் மைக்கை எடுத்தார். பாகங்களுக்கு நடுவில் பேசக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தாள். எழுதியும் கொடுத்திருந்தாள்.

"அன்பு நெஞ்சங்களே, கச்சேரி இன்னும் முடியவில்லை. உங்கள் உள்ளம் நிறைந்திருக்கும். உங்கள் கரங்களும் திறக்கட்டும்" என்று தொடங்கி, கொடுத்தவர் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்து, கொடுக்காதவர்களைச் செல்லமாகக் கண்டித்து, மூன்று நிமிஷம் கழித்துப் பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்தார். எபி அப்போது டீ குடிக்க வெளியே போயிருந்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒருவர் பெங்களூரில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு டெபோரா இரண்டாம் பாகத்தைத் தொட்டாள்.

அன்று அவள் வாசித்தது போல் அதற்கு முன் வாசித்ததில்லை. இடது கை தாண்டிப்போய் மேல்கட்டையைத் தொட்டது அவளுக்கே தெரியவில்லை. சத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. அவசரம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. நடுவில், இருட்டு அறையில் யாரோ கதவைத் திறந்தது போல ராகம் மாறுகிற இடத்தில் டிவியையும் ஜிப்பாவையும் புழுக்கத்தையும் அவள் மறந்தாள். அந்தப் பத்து நிமிஷமும் யாரையும் இகழ அவளுக்கு நேரமில்லை. மூன்றாம் பாகமும் நாலாம் பாகமும் அந்த நிலையிலேயே தானாக வந்து முடிந்தன.

எழுந்தாள். பாக்கியசீலன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பாரும்மா, பாரு. அப்பாத்துரை சார் எழுதியிருக்காவ."

'இதுதான் பொறுமை. எவ்வளவு மெல்லிய தொடுகை! கண்டுகொண்டேன், டெபோரா.'

அவள் அதை நாலு தடவை வாசித்தாள். எபி உள்ளே வந்து மிக்ஸரின் பக்கம் குனிந்து பார்த்ததையும், பாக்கியசீலன் அவன் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனதையும் அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டார். வழக்கமாக ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் இறங்குவாள். அன்று பேசாமல் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலையில் காப்பியோடு உட்கார்ந்து கச்சேரியைத் திறந்தாள். படத்தை ஓடவிடாமல் முதலில் ரசிகர்கள் எழுதியதை வாசித்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாசித்தாள். 'தெய்வீகம்.' 'கண்ணீர் வந்துவிட்டது.' 'பாளையங்கோட்டையின் பெருமை.' இந்த வரிசைக்கு நடுவே நஸீமா என்ற பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'சத்தம் வரல.'

இரண்டு பேர் கழித்து மறுபடியும்: 'சத்தம் வரல. கை தாண்டுது, சத்தம் இல்ல.'

அதற்கு ஒருவர் பதில் எழுதியிருந்தார்: 'சகோதரி, உங்கள் போனைச் சரிபாருங்கள்.' இன்னொருவர்: 'இது சினிமாப் பாட்டு அல்ல. அமைதியாக ரசிக்கத் தெரியாதவர்கள் விலகிக்கொள்ளலாம்.' மூன்றாவது ஆள் கைகூப்பிய படம் மட்டும் போட்டிருந்தார்.

நஸீமா விடவில்லை: 'அம்பது ரூவா போட்டுருக்கேன். சத்தம் வரலன்னா வரலன்னுதான் சொல்லுவேன்.'

டெபோரா காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். முதல் பாகம் இருந்தது. பாக்கியசீலனின் மூன்று நிமிஷமும் துல்லியமாக இருந்தது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணாடிக்குள் மீன் வாயசைப்பது போல் அவளுடைய கைகள் கட்டைகளின் மேல் போய்வந்தன. இடது கை தாண்டிப் போனது, எதையோ தொட்டது, திரும்பியது. பாக்கியசீலன் தன் மைக்குக்கு உரிய பொத்தானுக்குப் பதில் மொத்தத்தையும் அடைக்கிற பொத்தானை அமுக்கியிருந்தார். இருபத்திரண்டு நிமிஷம். அந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் அறுபத்து சொச்சம் பேர் பணம் போட்டிருந்தார்கள். 'கண்ணீர் வந்துவிட்டது' என்று எழுதியவருக்குக் கண்ணீர் வந்ததும் அந்த நேரத்தில்தான்.

அப்பாத்துரை எழுதியது எந்த நிமிஷம் என்று பார்த்தாள். இரண்டாம் பாகத்தின் சரிபாதியில்.

சிலர் தங்கள் போன்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்திருக்கலாம், சொல்ல வெட்கப்பட்டிருக்கலாம். டெபோரா அவர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு நிமிஷத்தையும் ஒரு நொடி விடாமல் பார்த்து முடித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பாக்கியசீலன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்ற விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்தது.

"எபி சொல்லிட்டானா?"

"அப்பம் உங்களுக்கு நேத்தே தெரியும்."

"முடிஞ்ச பொறவுதாம்மா தெரியும். நீ சந்தோசமா நின்ன. அத எதுக்குக் கெடுக்கன்னு விட்டுட்டேன்." கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "ஒண்ணும் குடிமுழுகல. எபிட்ட பேசிட்டேன். இதே சொனாட்டாவ வெளிநாட்டுக்காரன் எவனாவது வாசிச்சிருப்பான்லா, அந்தச் சத்தத்த எடுத்து இங்கன ஒட்டிருவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

"யாருக்கும் தெரியாது. அதான் நேத்தே பாத்தமே."

"பெறகென்ன?"

"என் கைக்கு இன்னொருத்தன் சத்தத்த ஒட்டுனியன்னா, நேரா வந்து உங்க மிக்ஸரத் தூக்கி ஆத்துல போட்டுருவேன் அண்ணாச்சி. நடந்தத நடந்தபடி எழுதிப் போடுங்க. பணத்தத் திருப்பிக் கேக்குதவங்களுக்குத் திருப்பிக் குடுங்க."

"மன்றத்துக்குன்னு ஒரு பேரு இருக்கும்மா," என்றார் பாக்கியசீலன் மனம் நொந்து. "குத்தங்குறை சொல்லாம நாலு பேரு நல்லா இருந்துச்சுங்கான். அத எதுக்குப் போயி இல்லன்னு சொல்லணும்?"

அவரைப் பார்க்க அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மனிதருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்பதே இன்னும் விளங்கவில்லை. வாசித்தாயிற்று, கொடுத்தாயிற்று, பாராட்டியாயிற்று. இதில் சத்தம் எங்கே வருகிறது?

வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்ததும் தொலைபேசி அடித்தது.

"டெபோரா, அப்பாத்துரை பேசுதேன்."

தனி வீட்டில், யாரும் பார்க்காதபோதும், அவள் எழுந்து நின்றாள்.

"ஒனக்கு முன்னால ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அத வாபஸ் வாங்கிக்கிடுதேன். ரெண்டாம் பாகம் கேட்டேன். என்ன நிதானம். மூச்சு விடுத மாதிரி இருந்துது."

அவள் கொஞ்சம் தயங்கினாள். ஒருவேளை, ஒருவேளை, அவர் வேறு எதையாவது குறிப்பிடக்கூடும்.

"நடுவுல ராகம் மாறுமே சார், கதவு தொறந்த மாதிரி. அந்த எடம் எப்படி இருந்துது?"

"அதத்தான் சொல்லவந்தேன். அத கேட்டதும் எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு."

"சார், ரெண்டாம் பாகத்துலேருந்து சத்தமே போகல. மிக்ஸர்ல அடைச்சு வச்சிட்டாங்க. கடைசி வரைக்கும் வெறும் படந்தான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அது தெளிவாகக் கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

"சங்கீதம் காதோட முடியுத விஷயம் இல்லம்மா. நல்ல கலைஞர் வாசிக்கும்போது, பாக்குதவனுக்கே உள்ளுக்குள்ள கேக்கும்."

"உங்களுக்குக் கேட்டுதா சார்?"

"நான் வேணும்னா இன்னொரு தடவ பாக்குதேன்."

"பாருங்க சார்," என்றாள் டெபோரா. "பாக்கத்தான் முடியும்."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேதான் இருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வந்தது சிரிப்பு, அதுவும் நன்றாக இல்லை. ஊரில் உள்ள எல்லாரையும் அளந்து தள்ளி வைத்தவள், இந்த ஒரு மனிதரை மட்டும் அளக்காமலேயே மேலே தூக்கி வைத்திருந்தாள். பத்தொன்பது வயதில் வாசித்ததையாவது அவர் கேட்டாரா? மெதுவாக வாசிக்கத் தெரியாது என்று சொல்ல, வேகமாக வாசித்ததைக் கேட்டிருக்கத் தேவையில்லை. யாருக்கும் எந்த நாளிலும் சொல்லலாம். மற்றவர்களை விட்டுவிட்டு அவள் தன்னையே நன்றாக இகழ்ந்துகொண்டாள். அதில் அவளுக்குப் பழக்கம் போதாது. கொஞ்ச நேரத்திலேயே களைத்துப்போனாள்.

பாக்கியசீலன் எழுதமாட்டார் என்று தெரிந்ததால் கச்சேரியின் அடியில் அவளே எழுதினாள். இன்ன நிமிஷத்திலிருந்து ஒலி போகவில்லை, நீங்கள் கேட்டதாக நினைத்தது எதையும் நான் உங்களுக்கு அனுப்பவில்லை, பணத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர்கள் இந்த எண்ணில் கூப்பிடலாம். இனிப்பு எதுவும் தடவாமல் எழுதினாள். நாலு பேராவது கூசுவார்கள் என்று எதிர்பார்த்தாள்.

சாயங்காலத்துக்குள் அதற்கு நூற்றுக்கு மேல் இதயம் விழுந்திருந்தது. 'உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறோம்.' 'பாளையங்கோட்டையின் பெருமை.' இரண்டு பேர் அந்தக் குறிப்பின் கீழேயே 'அருமையான வாசிப்பு' என்று எழுதினார்கள். பாக்கியசீலன் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"டெபோரா, நேர்மைக்குத் தனியா வருதும்மா. டொரண்டோக்காரங்க ரெண்டாவது தடவ போட்டுருக்காவ. அடுத்த மாசமும் ஒண்ணு வைப்பமா?"

"வைங்க. எபியையே வாசிக்கச் சொல்லுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூப்பிட்டது ஒரே ஒரு ஆள்.

"டீச்சர், நான் மேலப்பாளையத்துலேருந்து நஸீமா பேசுதேன். சத்தம் வரலன்னு எழுதுனது நாந்தான். ஒண்ணு, அம்பது ரூவாயத் திருப்பி அனுப்புங்க. இல்ல, அந்த ரெண்டாவத மறுபடி வாசிங்க."

குரலில் பணிவும் இல்லை, சண்டையும் இல்லை. கடையில் கிழிந்த துணியைத் திருப்பிக் கொடுக்கிற குரல்.

"கை தாண்டுதுன்னு எழுதியிருந்திய. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன. ஷார்ஜாவுல ஒரு டாக்டரம்மா வீட்டுல சமையல் வேலை பாத்தேன். ஏழு வருசம். அந்த வீட்டுப் பிள்ள இதத்தான் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கும். நாலு வருசம் தெனமும். நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டே சமையக்கட்டு வாசல் வழியாப் பாப்பேன். பேரு என்னன்னு தெரியாது. இங்க வந்து நைட்டி தைக்கும்போது போன்ல தேடித் தேடிப் பாப்பேன், ஆப்பிடாது. ஞாயித்துக்கெழம நீங்க ஆரம்பிச்சிய. அந்த அடியில உறுமுதுல்லா, அத கேட்டதும் மெஷின நிறுத்திட்டேன்."

டெபோரா பியானோ ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பணம் அனுப்புதேன்," என்றாள். "வாசிக்கவும் செய்யுதேன். வீட்டுக்கு வர முடியுமா?"

புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு நஸீமா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பர்தாவுக்கு மேல் தோளில் ஒரு துணிப்பை. திரும்பிப் போகிற வழியில் நூல்கண்டு வாங்க வேண்டுமாம். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பியானோவுக்கு வெகு அருகில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேனப் போடுங்க டீச்சர். வெயில்ல வந்துருக்கேன்."

மின்விசிறி ஓடுகிறபோது டெபோரா யாருக்கும் வாசித்ததில்லை. எழுந்து போய்ப் போட்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்கக் கூடாது," என்றாள் நஸீமா முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மொத பாகம் அன்னைக்கி ஓட்டமா ஓடிட்டிய. பஸ்ஸ விட்டுருவோம்னு ஓடுத மாதிரி. அந்தப் பிள்ள இன்னும் பையப் போவும்."

டெபோராவின் நாக்கு நுனிக்கு ஒரு பதில் வந்தது. அடுப்படியிலிருந்து சங்கீதம் படித்தவர்களைப் பற்றிய நல்ல கூர்மையான பதில். அதை விழுங்கினாள். சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அத்தனை பேர் எழுதியதிலும் சொன்னதிலும், கேட்டுவிட்டுச் சொன்னது இது ஒன்றுதான்.

"ஓடத்தான் செய்தேன்," என்றாள்.

இரண்டாம் பாகத்தை வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது அப்படியே வரவில்லை. ஓர் இடத்தில் இடது கை தாண்டிப்போய்ப் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து இடித்தது. மின்விசிறி கறகறத்தது. தெருவில் ஒருவன் பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான். அப்படியும் கதவு திறக்கிற இடம் வந்தபோது திறந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பாராட்டுப் போல இல்லை; தலையில் இருந்த சுமையை இறக்கி வைக்கிறபோது வருகிற மூச்சு.

முடிந்ததும் நஸீமா டெபோராவின் இடது கையைப் பார்த்தாள்.

"ஒரு எடத்துல இடறிட்டிய."

"ஆமா."

"பரவால்ல. அந்தப் பிள்ளையும் அங்கனதான் இடறும்." பையை எடுத்து மடியில் வைத்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. "அம்பது ரூவாய நாளைக்கே திருப்பிப் போட்டுருதேன். கேட்டாச்சுல்லா."

"இதுக்குப் பொறவு இன்னும் ரெண்டு பாகம் இருக்கு."

"இருக்கா?" நஸீமா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ள இதோட நிறுத்திரும். பொறவு படிக்க லண்டனுக்குப் போயிட்டு. நான் இவ்வளவுதான்னு நெனச்சேன். அன்னைக்கும் சத்தம் இல்லன்னு பாதியிலயே போன வச்சிட்டேன்."

"எழுதுன மனுசன் இத முடிச்ச ரெண்டு மாசத்துல செத்துப்போனாரு. முப்பத்தொரு வயசு."

"யா அல்லாஹ்," என்றாள் நஸீமா மெல்ல. "அப்பம் மீதியும் அழுகையாத்தான் இருக்குமோ?"

டெபோரா மூன்றாம் பாகத்தை எடுத்தாள். அது சின்னது. விரல்நுனியில் துள்ளிக்கொண்டே போகிறது, நனைந்த பிள்ளைகள் படித்துறைப் படிகளில் ஏறி ஓடுவது போல. இதை அவள் எப்போதும் இரண்டாம் பாகத்துக்கும் நாலாம் பாகத்துக்கும் நடுவில் கிடக்கிற பாலமாகத்தான் கடந்திருக்கிறாள். இன்று முதல் தடவையாகக் கேட்கிற ஒரு ஆள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. அது டெபோராவின் விரல்களுக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. அவளும் பார்த்துப் பார்த்துத் துள்ளினாள்.

நஸீமாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"சாவப்போற ஆளுன்னிய. இந்தச் சிரிப்பு சிரிக்கான்."

"சிரிக்கத்தான் செய்யுதான்," என்றாள் டெபோரா. நிறுத்தாமல் பக்கத்தைத் திருப்பினாள்.